121-ஆவது கட்டிலில்தான் மனம் தொடங்குகிறதா?

அமெரிக்க முதியோர் பராமரிப்பைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு கருத்து மட்டும் யாருடைய மறுப்புக்கும் ஆளாகாமல் தப்பிவிடுகிறது: நர்சிங் ஹோமுக்கு வேண்டியவர்கள் நர்ஸ்கள், சமூகப் பணியாளர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது. இல்லங்களை நடத்துகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். சட்டம் இயற்றுகிறவர்கள் இதை ஒப்புக்கொள்கிறார்கள். அப்பாவையோ அம்மாவையோ கொண்டுவந்து சேர்க்கும் பிள்ளைகளும் இதையேதான் நம்புகிறார்கள். நான் அந்த இல்லங்களில் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவன். இந்தக் கருத்து தவறு என்பது மட்டுமல்ல, இதை நம்புவதால் ஆண்டாண்டு காலமாக மனிதர்கள் துன்பப்படுகிறார்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அது வேறு. இடுப்பெலும்பு முறிந்தோ பக்கவாதம் வந்தோ மருத்துவமனையில் கிடந்தவர்கள் வீடு திரும்புமுன் சில வாரங்கள் தங்கி நடக்கப் பழகும் இடம் அது. மறதிநோய் முற்றியவர்களும், வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு உடல் தளர்ந்தவர்களும் கடைசிவரை தங்கும் இடமும் அதுவே. சுமார் 15,000 இல்லங்கள்; எந்த நாளில் எண்ணினாலும் ஏறத்தாழ 12 லட்சம் பேர். பிள்ளைகளை நம்பிக் கடல் கடந்து போன நம் பெற்றோர்களும் இப்போது அவர்களில் இருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். படுக்கைப் புண் எலும்புவரை போனால் உயிருக்கே ஆபத்து. ராத்திரி கழிப்பறைக்கு எழுந்து விழுந்தால் இடுப்பு போகும். இன்சுலின் தவறினால் உயிர் போகும். இவையெல்லாம் நர்ஸ்கள், உதவியாளர்கள் கையில் இருப்பவை. பணமோ அளவானது. இல்லவாசிகளில் பத்துக்கு ஆறு பேரின் செலவை, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டு ஏற்கிறது. அதன் கட்டணத்தை மாநில அரசு நிர்ணயிக்கிறது. அது அடக்கச் செலவுக்கே கட்டாது என்று நிர்வாகங்கள் புலம்புகின்றன. இந்த நிலையில் கையிலிருக்கும் காசுக்குக் குளிப்பாட்டவும் ஊட்டவும் ஆள் வைப்பதா, உட்கார்ந்து பேச ஆள் வைப்பதா? பேசுவதும் கேட்பதும் மனித சுபாவம்தானே, அதற்கு ஒரு பட்டம் எதற்கு? தினமும் குளிப்பாட்டும் உதவியாளருக்குத் தெரியாததா? சிறிய இல்லங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெரிய இல்லங்களில் சமூகப் பணியாளர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த வாதத்தில் நேர்மையான கவலை இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதன் ஒவ்வொரு படியும் தொட்டால் ஆடுகிறது.

1. சட்டம் இருக்கிறது என்கிறார்களே, அந்தச் சட்டத்தை முதலில் படிப்போம்.

1986-இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் நர்சிங் ஹோம்களின் நிலையை ஆராய்ந்து, நாடே தலைகுனியும்படியான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதன் விளைவாக 1987-இல் வந்தது நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரிடமிருந்தோ மெடிக்கெய்டிடமிருந்தோ பணம் வாங்கும் ஒவ்வொரு இல்லமும், அங்கே வாழும் ஒவ்வொருவரும் உடலாலும் மனத்தாலும் சமூக உறவாலும் எட்டக்கூடிய மிக உயர்ந்த நிலையை எட்டவும் அதில் நிலைக்கவும் வேண்டிய சேவைகளைத் தர வேண்டும் என்றது அது. மருத்துவத்தோடு தொடர்புடைய சமூகப் பணிச் சேவையும் அந்தச் சேவைகளில் ஒன்று. கட்டில் எண்ணிக்கை எதுவானாலும் இந்தக் கடமை உண்டு. வாக்குறுதி இவ்வளவு பெரிது.

அதை நிறைவேற்ற ஆள்? 120 கட்டிலுக்கு மேல் உள்ள இல்லம் முழுநேரச் சமூகப் பணியாளர் ஒருவரை வைக்க வேண்டும். அவ்வளவுதான். 121 கட்டிலுக்கும் ஒருவர், 300 கட்டிலுக்கும் ஒருவர். அந்த ஒருவர்கூடச் சமூகப் பணி படித்திருக்க வேண்டியதில்லை. சமூகவியல், உளவியல் போன்ற ஏதாவதொரு மனித சேவைத் துறையில் இளங்கலைப் பட்டமும், மேற்பார்வையின் கீழ் ஓராண்டு அனுபவமும் இருந்தால் போதும். 120-உம் அதற்குக் கீழும் உள்ள இல்லங்களுக்கு, கூட்டாட்சி விதியில் எந்தத் தகுதியும் கிடையாது. வரவேற்பு மேஜையில் இருந்தவரை மறுநாள் ‘சமூக சேவைப் பொறுப்பாளர்’ என்று உட்கார வைக்கலாம். வைக்கிறார்கள்.

நாட்டின் பெரும்பாலான இல்லங்கள் 120 கட்டிலோ அதற்குக் கீழோ உள்ளவை. அப்படியானால் இந்தச் சட்டம் விலக்கையே விதியாக வைத்திருக்கிறது. பெரிய இல்லத்தில் படுத்திருப்பவருக்கு மகள் ஃபோன் செய்யாத துக்கம் இருக்கும், சிறிய இல்லத்தில் இருப்பவருக்கு இருக்காது என்று யாராவது வாதாட முடியுமா? 118 கட்டில் உள்ள இல்லத்தில் கணவனை இழந்தவளுக்கு, 122 கட்டில் உள்ள இல்லத்தில் இழந்தவளைவிடத் தேவை குறைவா? அந்த எண்ணுக்கு மனிதத் தேவையோடு எந்தத் தொடர்பும் இல்லை. நிர்வாக வசதிக்காகப் போட்ட ஒரு கோட்டை நாற்பது ஆண்டுகளாகப் பராமரிப்பின் அளவுகோலாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2. ‘ஒருவர் போதும்’ என்பவர்கள் ஒரே ஒரு வாரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வாரம் 40 மணி நேரம் என்பது 2,400 நிமிடம். 120 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 20 நிமிடம். வேறெந்த வேலையும் செய்யாவிட்டால்தான் அந்த 20 நிமிடமும்.

வேறு வேலை என்ன? ஒவ்வொரு இல்லவாசியையும் 92 நாளுக்கு ஒருமுறையாவது மறுமதிப்பீடு செய்தாக வேண்டும். 120 பேர் என்றால் வாரத்துக்கு ஒன்பது பேர். நினைவாற்றலைச் சோதிக்கும் கேள்விகள், மனச்சோர்வை அளக்கும் கேள்விகள், குடும்பத்தை ஃபோனில் பிடிப்பது, கூட்டம் நடத்துவது, எழுதுவது. ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று குறைத்தே போடுகிறேன். பதிமூன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த 120 கட்டிலில் ஒரு பகுதி, சில வாரம் தங்கி வீடு திரும்புவோருக்கானது. வாரம் ஆறு பேர் வருகிறார்கள், ஆறு பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருகிறவருக்கு ஒரு மணி நேரம். போகிறவருக்கு வாக்கர், ஆக்சிஜன், வீட்டுக்கு வரும் நர்ஸ், அடுத்த டாக்டர் தேதி, வீட்டில் படிக்கட்டு எத்தனை, கழிப்பறையில் பிடி இருக்கிறதா என்று விசாரிக்க இரண்டு மணி நேரம். மொத்தம் பதினெட்டு. கூட்டிப் பாருங்கள்: முப்பத்தொன்றரை. மிச்சம் எட்டரை மணி நேரம்.

அந்த எட்டரை மணி நேரத்தில் என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பல்செட் காணாமல் போகும். துணி துவைக்கும் இடம்வரை போய்த் தேட வேண்டும். ஒரே அறையில் இருக்கும் இருவர் தொலைக்காட்சிச் சத்தத்துக்காகச் சண்டை போடுவார்கள். மெடிக்கெய்டு விண்ணப்பத்துக்கு ஐந்தாண்டு வங்கிக் கணக்கு கேட்பார்கள். மகனுக்குத் தந்தையின் கடவுச்சொல் தெரியாது. மெடிக்கேர் பணம் நிற்கப்போகிறது என்ற அறிவிப்பை இரண்டு நாள் முன்னதாகக் கையில் கொடுத்து, மேல்முறையீடு செய்யலாம் என்பதை விளக்க வேண்டும். இவ்வளவும் முடிந்தபிறகு, ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் பெரியவரிடம் போக வேண்டும். அதற்கு நேரம் எங்கே?

இது என் புலம்பல் அல்ல. அயோவா பல்கலைக்கழகத்தின் மெர்சிடிஸ் பெர்ன்-க்ளுக் குழுவினர் நாடு முழுவதும் உள்ள சமூக சேவைப் பிரிவுத் தலைவர்களிடம் கேட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முழுநேரப் பணியாளர் நீண்டகாலவாசிகள் என்றால் 60 பேருக்குமேல் பார்க்க இயலாது என்றும், குறுகிய காலம் தங்குவோர் என்றால் 20 பேருக்குமேல் இயலாது என்றும் பெரும்பாலோர் சொன்னார்கள். சட்டம் வைத்திருக்கும் அளவு அதற்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது.

3. ‘யார் வேண்டுமானாலும் பேசலாமே’ என்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான வாதம்.

பேசலாம். ஆனால் பேசுவதற்காக யாரும் சமூகப் பணியாளரை வைப்பதில்லை. ஒரு மனிதரைத் தெரிந்துகொண்டு, அந்த அறிவை டாக்டர் முதல் சமையலறைவரை கொண்டுபோய்ச் சேர்த்து, அதன்படி நடக்கிறதா என்று பின்தொடர்வது ஒரு வேலை. அதை யாருக்கும் ஒதுக்காவிட்டால் அது எல்லோருடைய வேலையாகி, கடைசியில் யாருடைய வேலையும் இல்லாமல் போகும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நூறு கட்டிலுக்குக் குறைவான ஓர் இல்லம். வாரத்துக்குச் சில மணி நேரம் அங்கே போய்வரும் ஏற்பாடு எனக்கு. புதிதாக வந்திருந்த ஒருவர், ஓய்வுபெற்ற தச்சர், நினைவாற்றல் சோதனையில் 15-க்கு 6 வாங்கியிருந்தார். 7-உம் அதற்குக் கீழும் என்றால் கடுமையான நினைவிழப்பு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கேர் பிளான், அதாவது பராமரிப்புத் திட்டம், எழுதிவிட்டார்கள்: முடிவெடுக்கும் திறன் இல்லை, எல்லாவற்றையும் மகளிடம் கேட்கவும், வெளியேறிவிடும் அபாயம் உண்டு, காலில் எச்சரிக்கைப் பட்டை கட்டவும். நான் அறைக்குள் போனபோது அவர் அந்தப் பட்டையை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்தால் காது மிஷின், பெட்டியோடு. மருத்துவமனையிலிருந்து வந்த பையில் இருந்ததை யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்திருந்தது. புது பேட்டரி போட்டு மாட்டிவிட்டு அதே கேள்விகளைக் கேட்டேன். மூன்று சொற்களைச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும்: காலுறை, நீலம், கட்டில். சொன்னார். வருடம், மாதம், கிழமை சொன்னார். சற்றுப் பொறுத்து மூன்று சொற்களையும் மறுபடி சொன்னார், ஒன்றுக்கு மட்டும் குறிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. மதிப்பெண் 14.

முதலில் கேள்வி கேட்டவர் கெட்டவர் அல்ல. அலுவலக வேலையோடு சேர்த்து அந்தப் படிவத்தையும் நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினார். நேர்காணலுக்குமுன் காது மிஷின் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டி நூலிலேயே இருக்கிறது. அவருக்கு அந்தப் பயிற்சியை யாரும் கொடுக்கவில்லை. ஒரு பேட்டரிக்காக ஒரு மனிதர் தன் பணத்தைப் பற்றியும் தன் சிகிச்சையைப் பற்றியும் பேசும் உரிமையை இழந்தார். அங்கே நர்ஸ்கள் இருந்தார்கள், நல்ல நர்ஸ்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வேளைக்கு முப்பது பேருக்கு மாத்திரை கொடுப்பவருக்கு இழுப்பறையைத் திறந்து பார்க்க நேரமில்லை. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

உதவியாளருக்குத் தெரியும் என்கிறார்கள். உண்மை, அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். அந்தப் பெரியவருக்குக் காது கேட்காது என்று குளிப்பாட்டிய பெண்ணுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. அவள் அதை யாரிடம் சொல்வாள்? அவளைக் கூப்பிட்டுக் கேட்கும் ஆள் வேண்டாமா?

4. கேர் பிளான் வெறும் காகிதம்தானே என்பவர்களிடம் நான் பாதி உடன்படுகிறேன். அதைக் காகிதமாக்கியது யார் என்பதுதான் கேள்வி.

விதிப்படி, சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் ஆரம்பத் திட்டம். 14 நாளுக்குள் முழு மதிப்பீடு. அது முடிந்து ஏழு நாளுக்குள் முழுத் திட்டம். அதை எழுதும் குழுவில் டாக்டர், பொறுப்பு நர்ஸ், அவரைக் கவனிக்கும் உதவியாளர், உணவுப் பிரிவிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். இயன்றவரை இல்லவாசியும் அவர் சார்பில் ஒருவரும் கலந்துகொள்ள வேண்டும். இந்தப் பட்டியலில் சமூகப் பணியாளர் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. தேவைப்பட்டால் வரும் ‘பிற துறையினர்’ என்ற கடைசி வரிக்குள் அவர் அடங்கிவிடுகிறார். மனநலமும் சமூக உறவும் திட்டத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே விதி, அதை எழுதத் தெரிந்தவரை வாசலில் நிறுத்துகிறது.

விளைவு என்ன? கணினியில் ஆயத்த வாக்கியங்களின் கிடங்கு ஒன்று இருக்கிறது. மனைவி இறந்து மூன்றாவது வாரம் இல்லத்துக்கு வந்தவருக்கும், இருபது ஆண்டு மனச்சோர்வோடு வாழ்ந்தவருக்கும், அறை மாற்றியதால் அழுகிறவருக்கும் ஒரே இலக்கு: ‘அடுத்த மறுஆய்வுத் தேதிவரை மனச்சோர்வின் அறிகுறிகள் தென்படாது.’ வழிமுறை: ‘உணர்வுகளை வெளிப்படுத்த ஊக்குவிக்கவும்.’ யார் ஊக்குவிப்பது, எப்போது, எந்த மொழியில் என்று எதுவும் இல்லை. சொடுக்கினால் வாக்கியம் வந்து விழுகிறது. ஆய்வாளர் வந்தால் காட்ட ஒன்று இருக்கிறது.

சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2003-இல் இதைச் சோதித்தது. மெடிக்கேர் செலவில் தங்கியிருந்தவர்களில் மன, சமூகத் தேவைகள் உள்ளவர்களை எடுத்துப் பார்த்தது. 39 சதவீதம் பேருக்குத் திட்டம் போதுமானதாக இல்லை. திட்டம் இருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு, எழுதப்பட்ட சேவைகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. இதையெல்லாம்விட முக்கியமான வரி ஒன்று அதே அறிக்கையில் உண்டு: அந்த இல்லங்களில் ஏறக்குறைய எல்லாமே சமூகப் பணியாளர் விதியை நிறைவேற்றியவை, அல்லது அதற்கு மேலும் ஆள் வைத்தவை. விதியை மீறியதால் தோல்வி வந்திருந்தால் கண்காணிப்பைக் கூட்டலாம். விதியைக் கடைப்பிடித்த இடத்திலேயே இவ்வளவு தோல்வி என்றால் கோளாறு விதியில் இருக்கிறது.

பத்தாண்டு கழித்து, 2013-இல், அதே அலுவலகம் 2009-ஆம் ஆண்டு தங்கல்களை ஆராய்ந்தது. 37 சதவீதத் தங்கல்களில் திட்டம் விதிப்படி எழுதப்படவில்லை, அல்லது எழுதியபடி நடக்கவில்லை. 31 சதவீதத்தில் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு சரியில்லை. தரக் குறைவான இந்தத் தங்கல்களுக்கு மெடிக்கேர் கொடுத்தது சுமார் 510 கோடி டாலர்.

5. உடலைக் காப்பது நர்ஸ், மனதைப் பார்ப்பது சமூகப் பணியாளர் என்று பிரித்துவிட்டு, உடல் முதலில் என்கிறார்கள். மனித உடம்பு அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை.

ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் மதிப்பீட்டுப் படிவத்தில் அது அபாயக் குறி. நர்ஸ் எடையைப் பதிவார். உணவு நிபுணர் சத்து பானம் எழுதுவார். நான் அறிந்த ஒரு தமிழ்ப் பாட்டிக்கு இப்படித்தான் எடை இறங்கியது, பானம் வந்தது, அதையும் குடிக்கவில்லை, பானத்தின் அளவைக் கூட்டினார்கள். மகனுக்கு நேரம் கிடைத்துக் கூட்டத்துக்கு வந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. ஒருநாள் சூப்பில் மாட்டிறைச்சித் துண்டு கிடந்தது. அன்றிலிருந்து அந்தச் சமையலறையிலிருந்து வரும் எதையும் அவர் நம்பவில்லை. தட்டில் இருந்த வாழைப்பழத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மற்றதை மூடி வைத்தார். ‘சைவம்’ என்று படிவத்தில் இருந்தது. அவர் பயந்துபோயிருக்கிறார் என்று யாரும் எழுதவில்லை. எடை குறைந்தால் தசை கரையும், தசை கரைந்தால் விழுவார், படுத்தால் புண் வரும். நர்ஸ் தடுக்க வேண்டிய அத்தனையும், யாரும் கேட்காத ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகின்றன.

மாத்திரை விஷயம் இன்னும் கொடுமை. மறதிநோய் உள்ளவர் மாலையில் கத்துகிறார், கையை ஓங்குகிறார். ஏன் என்று விசாரிக்க ஆள் இல்லாத இடத்தில் மனநோய்க்கான மருந்து வருகிறது. இத்தகைய மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களில் மரண அபாயத்தை 1.6 முதல் 1.7 மடங்காக்குகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் மருந்தின் விவரக் குறிப்பிலேயே கறுப்புக் கட்டம் போடச் செய்து எச்சரித்தது. அப்படியும் 2011 இறுதியில் நீண்டகாலவாசிகளில் 23.9 சதவீதம் பேர் அவற்றை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் அரசு இயக்கமாக முனைந்தபின் அது 15 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. அந்த இறக்கத்தில் ஒரு பகுதி உண்மையானதல்ல. சில இல்லங்களில் திடீரென்று எண்பது வயதில் ‘மனச்சிதைவு நோய்’ என்று பதிவானது. அந்த நோய் இருந்தால் அவர் கணக்கில் வரமாட்டார். 2023-இல் அரசு இதற்கெனத் தணிக்கை தொடங்க வேண்டி வந்தது. ஒருவர் ஏன் கத்துகிறார் என்று கேட்பதற்கு ஆள் வைப்பதை ஆடம்பரம் என்று சொன்னவர்கள், அவரைத் தூங்க வைக்கும் செலவை ஆடம்பரமாகக் கருதவில்லை.

6. காசு இல்லை என்பதையும் பார்த்துவிடுவோம்.

வீட்டுக்குச் சரியாக ஏற்பாடு செய்யாமல் அனுப்பினால் ஆள் ஒரு வாரத்தில் மருத்துவமனைக்குத் திரும்புகிறார். 2018 அக்டோபர் முதல் மெடிக்கேர் ஒவ்வொரு இல்லத்துக்கும் தர வேண்டியதில் 2 சதவீதத்தைப் பிடித்துவைத்து, இப்படித் திரும்பப் போவோர் கணக்கையும் பார்த்துத்தான் திருப்பித் தருகிறது. இல்லத்தின் வருமானமே இந்த வேலையில் தொங்குகிறது. குடும்பத்தின் பணமும் அப்படியே. மெடிக்கேர் முதல் 20 நாளுக்கு முழுச் செலவையும் ஏற்கும். 21-ஆம் நாள் முதல் 100-ஆம் நாள்வரை இல்லவாசியும் பங்கு தர வேண்டும், 2025-இல் அது நாளொன்றுக்கு 209.50 டாலர். 100 நாளுக்கு மேல் எதுவும் இல்லை. இதை இரண்டாம் நாளே விளக்கியிருந்தால் குடும்பம் திட்டமிட்டிருக்கும். கிரீன் கார்டில் (நிரந்தர வசிப்புரிமையில்) வந்த பெற்றோர் என்றால் நிலைமை இன்னும் மோசம்: ஐந்தாண்டு நிறையாதவர்களுக்குப் பெரும்பாலும் மெடிக்கேரும் இல்லை, மெடிக்கெய்டும் இல்லை. இந்தச் செய்தியை முதல் பில் வந்தபிறகு தெரிந்துகொண்டு நொறுங்கிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

7. ‘முதலில் நர்ஸ் எண்ணிக்கையைச் சரிசெய்வோம், பிறகு உங்களைப் பார்ப்போம்.’ இதைச் சொன்னவர்கள் நர்ஸ் எண்ணிக்கைக்கு என்ன செய்தார்கள்?

2024 மே மாதம் ஒரு விதி வந்தது. இல்லவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேர நர்சிங் பராமரிப்பு. அதில் பதிவுபெற்ற நர்ஸ் 0.55 மணி, உதவியாளர் 2.45 மணி, நாள் முழுவதும் ஒரு பதிவுபெற்ற நர்ஸ். சமூகப் பணியாளருக்கு அதில் ஒரு நிமிடம்கூட இல்லை. அப்படியும் நான் அந்த விதியை ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். இல்ல நிர்வாகங்களின் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது; ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2034 வரை அதை அமல்படுத்தக் கூடாது என்றது. சமூகப் பணியாளருக்குப் பதில் நர்ஸ் என்று தட்டில் வைத்துக் காட்டினார்கள். கடைசியில் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். இனி அந்தத் தராசை எங்கள்முன் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

8. ஆள் கிடைக்காது என்பது மிச்சமிருக்கும் வாதம். 120 பேரை ஒருவர் தலையில் கட்டும் வேலைக்கு ஆள் நிலைக்காதுதான். கனெக்டிகட் மாநிலம் 2021-இல் 60 பேருக்கு ஒரு முழுநேரச் சமூகப் பணியாளர் என்று சட்டம் போட்டது. முடியாது என்று சொல்லப்பட்ட அளவைத்தான் ஒரு மாநிலம் சட்டமாக எழுதியிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்பதும் புதிதல்ல. தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, கட்டில் எண்ணிக்கை பாராமல் ஒவ்வொரு இல்லத்திலும் சமூகப் பணிப் பட்டம் பெற்ற முழுநேரப் பணியாளர் வேண்டும் என்றது. அதைத் தளமாக வைத்து 60-க்கு ஒருவர் என்று கூட்டாட்சி விதி வர வேண்டும். குறுகிய காலம் தங்குவோர் பிரிவுக்கு இன்னும் குறைவாக. கேர் பிளான் குழுவின் பட்டியலில் சமூகப் பணியாளரைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். இன்னொன்றைச் செய்யச் சட்டம்கூடத் தேவையில்லை. ஒவ்வொரு இல்லமும் சமூகப் பணியாளர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதைச் சம்பளப் பதிவோடு சேர்த்து அரசுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. குடும்பங்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டில் நர்ஸ்களின் மணி நேரம் சேர்கிறது, ஆட்கள் விட்டுப்போகும் விகிதம் சேர்கிறது. சமூகப் பணியாளரின் மணி நேரம் மட்டும் சேர்வதில்லை. தரவு அரசின் கையில் இருக்கிறது. அடுத்த காலாண்டிலிருந்தே அதை நட்சத்திரத்தில் சேர்க்கலாம்.